டிரெயின் தண்ணீர்

கம்பளக் கடை முதலாளி
கீழிருந்து போனில் சொல்கிறார்:
இன்னும் கொஞ்சம் குளிர் அனுப்பு.

அனுப்ப என்னிடம் குளிர் ஏது.
ஒன்பது வருஷமாக பஹாஹீலில் ஏசி மெக்கானிக்,
ஒருநாளும் குளிரைக் கண்ணால் கண்டதில்லை.
சூடு கூடுதல், சூடு குறைச்சல்,
கணக்கு அவ்வளவுதான்.
அவர் கடைச் சூட்டை அள்ளி
மேலே கொண்டுவந்து கொட்டுகிறது மெஷின்.
மேலே என்றால் இங்கே.
இங்கே என்றால் என் முகத்தில்.
அள்ளுகிற மோட்டாரின் சூடும் கூடவே வரும்,
கொசுறு.
அதற்குக் கரண்ட்டு தெற்கே கடலோரம்
எதையோ எரித்து வருகிறது.
புகைபோக்கி இங்கிருந்தே தெரியும்.

பைப்புக்குள் ஓடுவது காஸ்.
திரவமாகப் போய்க் காயிலில் ஆவியாகும்.
ஆவியாகச் சூடு வேண்டும்,
பக்கத்தில் இருப்பதைப் பிடுங்கிக்கொள்ளும்.
ஊசிக்கு முன்னால் நர்ஸ்
ஸ்பிரிட் பஞ்சு தேய்த்ததும் கை சில்லென்றதே,
அதே சங்கதி.
வியர்வையும் அதே சங்கதிதான்,
காற்று வாங்கிக்கொண்டால்.

அன்று காற்று தென்கிழக்காகத் திரும்பியிருந்தது.
கடலின் ஈரம் மாடியேறி உட்கார்ந்துவிட்டது.
நேற்று நாற்பத்தெட்டு, இன்று நாற்பதுதான் என்று
போனைக் காட்டிச் சந்தோஷப்பட்டான் சிந்தாமதார்,
என் ஹெல்ப்பர், கடையநல்லூர்,
வந்து ஐந்து வாரம்.
எட்டு டிகிரி லாபம் என்றான்.
சட்டையைப் பிழிந்தால் சொட்டியது.
சொட்டுவது எதற்கும் உதவாது தம்பி,
உலர்ந்தால்தான் சூட்டை எடுத்துப்போகும் என்றேன்.
ஏற்கெனவே ஈரம் குடித்து வயிறு முட்டிய காற்று
உன் வியர்வையை எங்கே வாங்கும்.

பதினொன்று முதல் நாலு வரை
வெளிவேலை கூடாது என்பது சட்டம்.
கம்பளத்துக்கு வியர்க்கிறது என்பது அவசரம்.

கேம்ப் கக்கூஸ் சுவரில் ஒரு படம் உண்டு,
எட்டு மஞ்சள் கட்டங்கள்.
முதல் கட்டம் தண்ணீர் மாதிரி,
கடைசி டிகாஷன் மாதிரி.
ஒன்றுக்குப் போய்விட்டு ஒத்துப் பார்க்க வேண்டும்.
காலையில் எத்தனாம் கட்டம் என்று கேட்டிருந்தேன்.
ஏழு என்று சிரித்தான்.
நானும் சிரித்தேன்.
அதை நினைத்தால்தான் இன்னும் ஒருமாதிரி இருக்கிறது.

மூன்றரை மணிக்கு ஸ்பானர் கேட்டேன்.
நீங்கள் யார் என்று கேட்டான்.

தொட்டேன். கம்ப்ரஸரின் மண்டை.
கம்ப்ரஸருக்காவது ஓவர்லோடு வைத்திருக்கிறார்கள்,
எல்லை தாண்டினால் டிரிப் ஆகி விழுந்து
தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்.
மனுசன் விழுவது அப்படி இல்லை.

மெஷினை நிறுத்தினேன்.
அதன் நிழலுக்கு இழுத்துப்போட்டேன்.
டிரெயின் பைப்புக்குக் கீழே
ஒரு பெயிண்ட் வாளி நிறைந்திருந்தது.
கடைக்குள் இருந்த ஈரமெல்லாம்
காயிலில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டியது:
விலை கேட்டுப் போனவர்கள் விட்ட மூச்சு,
கம்பளம் விரித்து விரித்துக் காட்டும்
பட்டான் பையன் விட்ட மூச்சு,
முதலாளி ஊதிக் குடித்த சாயாவின் ஆவி.
ஊற்றினேன்.
தலையில், கழுத்தில், கக்கத்தில், தொடையிடுக்கில்.
நூற்றுப்பன்னிரண்டுக்குப் போன் போட்டபடி
ஃபில்டர் அட்டையால் விசிறினேன்.
இந்த ஈரத்தில் விசிறி என்ன பலன் என்று
உள்ளே ஒரு வாத்தியார் முனகினார்.
இருக்கட்டும். தண்ணீர் சில்லென்றிருந்தது,
தொட்டாலே கொஞ்சம் சூடு வாங்கிக்கொள்ளும்,
அதற்கு ஆவியாக வேண்டியதில்லை.

முதலாளி மறுபடியும் போனில்:
குளிர் நின்றுவிட்டதே.
நின்றது குளிர் இல்லை பாபா,
உங்கள் சூடு கொஞ்ச நேரம்
உங்களிடமே இருக்கட்டும் என்றேன்,
தமிழில்.
எந்த மொழி வந்தது என்று
அப்போது யார் பார்த்தார்கள்.

வாளியின் கடைசித் தண்ணீரில்
கண்ணைத் திறந்து உப்புக் கரிக்குது என்றான்.
அது அவன் வியர்வை.
படிக்கட்டில் ஸ்ட்ரெச்சர் இடித்துக்கொண்டு ஏறும் சத்தம்.

ஐந்தாம் நாள் கேம்புக்கு வந்தவன்
சாப்பிடக்கூட உட்காராமல்
கக்கூஸுக்குள் போனான்.
வரிசையில் நின்ற பன்னிரண்டு பேருக்கும் கேட்க
உள்ளேயிருந்து கத்தினான்:
அண்ணே, ரெண்டு!